"உயரம் சார்" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்!

கொஞ்ச நாளாக எழுதவில்லை. மார்ச் மாதம் வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் மன்னிப்பீர்கள். தெரியாதவர்கள் யாராவது ஒரு வங்கிக்காரரின் மனைவியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். கோபம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்.

"ஊஞ்சாயி ஹை, சாப்."

நம்ம ஊர்த் தமிழில் சொன்னால், "உயரமான இடம் சார், அப்படித்தான் இருக்கும்." காஷ்மீருக்கு மாற்றலாகி வந்த இந்த மூன்று வருடத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஜெனரேட்டர் புகை விட்டால் உயரம். குல்மார்க் ஓட்டலில் பருப்பு வேகாவிட்டால் உயரம். வண்டி இழுக்காவிட்டால் உயரம். முழுப் பொய்யாக இருந்தால் நாமும் சண்டை போட்டுவிடலாம். இது பாதி உண்மை. அதனால்தான் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

இந்தப் பாதி உண்மையால் ஒரு பையனின் ஒரு சீசன் வருமானம் போய்விட்டது. அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் இது மற்றவர்களைத் திட்டும் பதிவு மட்டும் இல்லை.

"பி.காம். படித்துவிட்டு லெட்ஜர் பார்க்கிற ஆளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போன வருடம் வரை எதுவும் தெரியாது. செலவு செய்து கற்றுக்கொண்டேன், அதுவும் இன்னொருத்தர் செலவில்.

நடந்தது இதுதான்

குல்மார்க் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பனியில் ஸ்னோ பைக் என்று ஒன்று ஓட்டுவார்கள். ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ரப்பர் ட்ராக். சுற்றுலா வருகிறவர்களைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சரிவில் ஏற்றி இறக்குவார்கள். நம் ஊர் மெரினாவில் குதிரைச் சவாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், விலைதான் பல மடங்கு.

இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் கடன் கேட்டு வந்தான். அதுவரை அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டியவன். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கப் போகிறான். மலைச் சரிவுக்கென்றே நீண்ட ட்ராக்கோடு செய்த மாடல், இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். விலைப் பேச்சு முடிந்த மாதம் அக்டோபர்.

அக்டோபரில் பனி ஏது? வண்டியின் பின்பக்கத்தை ஒரு ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ட்ராக் அந்தரத்தில் சுற்ற, விற்றவர் த்ராட்டிலை அழுத்திக் காட்டினார். காது கிழிகிற சத்தம். மதிப்பீட்டாளர் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். நாலரை லட்சம்.

டிசம்பரில் பனி விழுந்தது. வண்டி சமதளத்தில் ஓடியது, மேட்டைக் கண்டால் முனகியது. பின்னால் ஆள் இல்லாமல் ஏறும், ஆள் உட்கார்ந்தால் பாதியில் நிற்கும். முழு த்ராட்டில் கொடுத்தாலும் மீட்டர் 7,200க்கு மேல் போகவில்லை. அந்த எஞ்சினுக்குக் கையேட்டில் போட்டிருந்தது 8,000க்குப் பக்கத்தில்.

எல்லோரும் சொன்னது அதே வாக்கியம். ஊஞ்சாயி ஹை. ஒரு மிஸ்திரி வந்தார். முன் கிளட்ச்சைக் கழற்றி, உள்ளே இருந்த வெயிட்டுகளைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்து மாட்டினார். மீட்டர் 8,000 காட்டியது! பையனுக்குச் சந்தோஷம். எனக்கு போன் போட்டான், "சாப், நம்பர் ஆ கயா!" நானும் சந்தோஷப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

ஜனவரி மூன்றாம் வாரம், சீசன் உச்சத்தில், ஒரு பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொண்டது. மேட்டின் நடுவில். பின்னால் ஒரு குடும்பத்துப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அடி இல்லை.

எஞ்சினைப் பிரித்தபோது வேறொரு வயதான மெக்கானிக் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. "வாங்கும்போது கம்ப்ரெஷன் பார்த்தீர்களா?" யாரும் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி ஒரு கேஜை மாட்டினால் பத்து நிமிட வேலை.

அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் வேண்டாம். உங்கள் வீட்டு ஆக்டிவா போதும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற முன் புல்லிக்குள் இருக்கும் உருளைகள் வெளியே தள்ளப்பட்டு, புல்லியின் இரண்டு தட்டையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். அதுதான் கியர் மாறுவது. நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958லேயே காரில் இந்த மாதிரிப் பெல்ட் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது.

ஸ்னோமொபைலிலும் இதே கதைதான். உருளைக்குப் பதில் முன் கிளட்ச்சில் ஊசலாடும் கைகள் மாதிரி வெயிட்டுகள். அவை பெல்ட்டை நெருக்கி மேல் கியருக்குத் தள்ளப் பார்க்கும். முன் கிளட்ச்சின் ஸ்பிரிங்கும், பின் கிளட்ச்சின் ஸ்பிரிங்கும், அதில் உள்ள ஹீலிக்ஸ் என்ற சாய்வுத் தடமும் அதை எதிர்த்து நிற்கும். இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிற மாதிரி.

இந்த இழுபறி எதற்கு? டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தன் முழு பலத்தையும் கொடுப்பது ஒரு குறுகிய ஆர்பிஎம் எல்லைக்குள்தான். 8,000ல் புலி, 7,200ல் பூனை. முழு த்ராட்டில் அழுத்தினால், சமதளமோ மேடோ, எஞ்சினை அந்த ஒரு எண்ணிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் கிளட்ச்சின் வேலை. மேடு வந்தால் தானாகக் கியரைக் குறைக்கும், இறக்கம் வந்தால் கூட்டும், எண் மாறாது. மாறினால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது.

இப்போது உயரத்துக்கு வருவோம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் வீதம் பலம் இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் குல்மார்க்கில் கால் பங்கு பலம் போய்விடும். பலம் குறைந்த எஞ்சினுக்குப் பழைய கனமான வெயிட் இருந்தால், அது பெல்ட்டைச் சீக்கிரமே மேல் கியருக்குத் தள்ளிவிடும். டாப் கியரில் ஏற்காடு ஏறுகிற மாதிரி. எஞ்சின் திணறும், ஆர்பிஎம் விழும்.

அப்படியானால் மிஸ்திரி சொன்னது சரிதானே?

பாதி சரி. உயரம் என்பது புதிதாகக் கண்டுபிடித்த வியாதி இல்லை. வண்டி செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். இந்த உயரத்துக்கு இந்த வெயிட், இந்த ஸ்பிரிங், கார்புரேட்டர் என்றால் இந்த ஜெட் என்று கையேட்டிலேயே அட்டவணை போட்டுத் தருகிறார்கள். ஸ்கி-டூ வண்டிகள் பலவற்றின் முன் கிளட்ச்சில் ஆறு நிலை கொண்ட திருகு இருக்கிறது. ஒரு நிலை தள்ளினால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் மாறும். ஆக, உயரம் என்பது அட்டவணையில் ஒரு வரி. அந்த வரியின்படி எல்லாம் மாட்டிய பிறகும் ஆர்பிஎம் வரவில்லை என்றால் காரணம் உயரம் இல்லை, வேறு ஏதோ. அந்த "வேறு ஏதோ"வைத் தேடாமல் இருக்கத்தான் "ஊஞ்சாயி ஹை".

எண் என்ன சொல்லும், என்ன சொல்லாது

அந்தப் பெரியவர் எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பாடம் எடுத்தார், நூன் சாய் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே. (உப்பு டீ. எனக்கு இன்னும் பழகவில்லை.) எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் மீட்டரையே நம்பாதீர்கள். பழைய வண்டியின் மீட்டர் பழைய மீட்டர். பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டாக்கோமீட்டர் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். அந்த அமைப்பில் வைக்காமல் ஃபோர்-ஸ்ட்ரோக் அமைப்பில் வைத்தால் இரண்டு மடங்கு காட்டும், பயந்துவிடாதீர்கள்.

அடுத்து, பனியில் ஓட்ட வேண்டும். எஞ்சின் சூடானபின், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில், முழு த்ராட்டிலில், எண் நிலைக்கும் வரை. போகிற வழியில் ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. புதுப் பனியில் ஒரு நாள், கெட்டிப் பனியில் ஒரு நாள் என்று ஓட்டி ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

எண் குறைவாக இருக்கிறதா? வெயிட் கனமாக இருக்கலாம், முன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது எஞ்சின் பலவீனம். அல்லது ட்ராக் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். சில எஞ்சின்களில் வெளியேறும் புகையின் வழியில் ஒரு வால்வு இருக்கும். அது கரி பிடித்து மூடிய நிலையில் நின்றுவிட்டால் மேல் வேகத்தில் பலமே வராது. ஒரே அறிகுறி, ஐந்தாறு காரணம். காய்ச்சல் என்றால் மலேரியாவா, டைபாய்டா, சாதாரண ஜலதோஷமா என்று பார்ப்பதில்லையா?

எண் அதிகமாக இருக்கிறதா? வெயிட் லேசாக இருக்கலாம். எண் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து இரண்டு கிளட்ச்சின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், சட்டென்று தொட்டுவிடாதீர்கள். எது அதிகம் கொதிக்கிறதோ அங்கேதான் பெல்ட் வழுக்குகிறது என்பது பெரியவர் கணக்கு. பெல்ட்டின் அகலம் தேய்ந்திருக்கிறதா, இரண்டு புல்லியும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கோணலாக இருந்தால் எத்தனை பெல்ட் மாற்றினாலும் தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் சரியாக இருந்து சூடானபின் விழுகிறதா? பெல்ட், கிளட்ச் சூட்டோடு எஞ்சின் சூட்டையும் பாருங்கள். தண்ணீரால் குளிரும் இந்த எஞ்சின்களுக்கு ட்ராக் வாரியடிக்கும் பனிதான் ரேடியேட்டருக்குக் காற்று மாதிரி. சுற்றுலா வண்டிகள் ஒரே தடத்தில் நாள் முழுக்க ஓடி, அது கண்ணாடி மாதிரி ஐஸ் ஆகிவிட்டால் பனி மேலே வாரியடிக்காது, எஞ்சின் கொதிக்கும். அதற்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது முக்கியமான இடம். எங்களை ஏமாற்றியது இதுதான்.

வெயிட்டைத் தேய்த்தால் எண் வரும். எஞ்சின் நோயாளியாக இருந்தாலும் வரும்! ஏனென்றால் லேசான வெயிட் பெல்ட்டை மேலே தள்ளாது, எஞ்சின் கீழ் கியரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மீட்டரில் 8,000, கீழே இழுவை இல்லை.

எனக்கு இது புரிந்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் இது என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. மார்ச் 31 அன்று மட்டும் கணக்கில் பணத்தைப் போட்டு நல்ல பிள்ளையாகக் காட்டிவிட்டு ஏப்ரல் 2ஆம் தேதி எடுத்துவிடுவார்களே, அதே வித்தை. இருபது வருடமாக அதைப் பிடிக்கிற வேலை பார்ப்பவன், ஒரு மீட்டர் முள் சரியான இடத்தில் நின்றதும் ஏமாந்துவிட்டேன்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் எஞ்சின். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துப் பாருங்கள். இங்கே கேஜ் சமதளத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாகக் காட்டும், அது உண்மையிலேயே உயரம்தான். ஆனால் உயரம் இரண்டு சிலிண்டருக்கும் சமமாகத்தானே குறைக்கும்? எங்கள் வண்டியில் பிரிக்கும் முன் எடுத்த அளவில் கெடாத சிலிண்டர் 92, கெட்டது 60ஐத் தாண்டவில்லை. அது ஒரே நாளில் வந்த தேய்மானம் இல்லை, ரிங்கும் பிஸ்டன் சுவரும் ரொம்ப நாளாகவே போயிருந்தன என்று பிரித்ததும் காட்டினார் பெரியவர். அக்டோபரிலேயே கேஜ் மாட்டியிருந்தால் பல்லிளித்திருக்கும்.

பிறகு பிளக் நிறம், ஜெட், வால்வு. பிறகு ட்ராக், பேரிங், பிரேக். பிறகு பெல்ட். எல்லாம் சரி என்ற பிறகுதான் கிளட்ச் வெயிட்டில் கை வைக்க வேண்டும். வைத்த பிறகு எண்ணை மட்டும் பார்க்காமல், ஒரே தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எண் கூடி நேரம் குறையவில்லை என்றால் நீங்கள் வண்டியைச் சரி செய்யவில்லை, மீட்டரைச் சரி செய்திருக்கிறீர்கள்.

யார் மேல் கோபம்?

முதலில் அக்டோபர் வியாபாரிகள் மேல். ஸ்டாண்டில் தூக்கி வைத்த வண்டிக்கு ஏது சுமை? சுமை இல்லாமல் எந்த எஞ்சினும் கத்தும். அந்தச் சத்தத்தைக் காட்டி விற்பது, காலிக் கடையில் விளக்குப் போட்டுக் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடிக் காட்டுகிற மாதிரி. "டிசம்பர் வரை யார் காத்திருப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். சரி, காத்திருக்க வேண்டாம். கேஜ் மாட்டிக் காட்டலாமே? கிளட்ச்சைத் திறந்து எந்த வெயிட், எந்த ஸ்பிரிங் என்று எழுதித் தரலாமே? பழைய வண்டி என்பது முந்தைய ஓனரின் உயரத்தையும் சேர்த்து வாங்குவது. அவர் எந்த மலையில் ஓட்டினார், எந்த ஜெட் மாட்டினார் என்று தெரியாமல் வாங்கினால் அது வேறு விதத்தில் கொல்லும். உச்சி மலைக்கு மாட்டிய சின்ன ஜெட்டோடு கீழே இறங்கி, கடுங்குளிரில் முழு த்ராட்டில் கொடுத்தால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பொரிந்துவிடும்.

இரண்டாவது, கிரைண்டர் மிஸ்திரிகள் மேல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அவர்கள் கைவேலையைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மைனஸ் பத்தில் கையுறை இல்லாமல் ஸ்பேனர் பிடிக்கிறவர்கள். அவர்கள் தரப்பு நியாயமும் உண்டு. உதிரிப் பாகம் சீக்கிரம் கிடைக்காது. கேட்ட கிராமில் வெயிட் செட் வர வாரக்கணக்கில் ஆகும், சீசனே மூன்று மாதம்தான். ஒரு கம்பெனி தொழிலையே விட்டுவிட்டால் இன்னும் கஷ்டம். யமஹா ஸ்னோமொபைல் வியாபாரத்திலிருந்து படிப்படியாக விலகுவதாக 2023ல் அறிவித்துவிட்டது. அதனால் இருப்பதைத் தேய்த்து ஓட்டுகிறார்கள். புரிகிறது. ஆனால் கம்ப்ரெஷன் கேஜுக்கு உதிரிப் பாகம் தேவையில்லையே! "காதாலேயே தெரிந்துவிடும் சாப்" என்கிறார்கள். காதுக்கு 8,000 தெரியலாம். 92க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் தெரியவில்லை, பார்த்தோமே. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் எல்லா வெயிட்டையும் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுச் சுற்றுகிற சாமான், கண்ணளவில் தேய்க்கிற விஷயமா?

மூன்றாவது, எங்கள் மேல். வங்கிகள், மதிப்பீட்டாளர்கள். நான்கு போட்டோ, சேஸிஸ் நம்பர், "நல்ல நிலை". ஒரு பசுவுக்குக் கடன் கொடுக்கும்போதுகூடக் கால்நடை மருத்துவர் சான்றிதழ் கேட்கிற நாங்கள், பல லட்ச ரூபாய் எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் எண் கேட்பதில்லை. கடன் வாராக்கடன் ஆனால் எங்களுக்கு அது ஒரு பட்டியலில் இன்னொரு வரி. அந்தப் பையனுக்கு அப்பா பெயரில் இருக்கும் ஆப்பிள் தோட்டத்தின் ஒரு துண்டு. பனியையும் நம்ப முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் பழுப்பு நிறத்தில் கிடந்த படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், மாதக் கடைசியில்தான் பனி வந்தது. இருக்கிற சில வாரத்திலும் வண்டி படுத்துவிட்டால் தவணை எங்கிருந்து வரும்?

நான்காவது... நாமும்தான். ஊரிலிருந்து சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். எந்த வண்டி மலிவு என்று பேரம் பேசுகிறோம். எது அதிகம் சத்தம் போடுகிறதோ அதன் முன் நின்று போட்டோ எடுக்கிறோம். குழந்தையைப் பின்னால் ஏற்றும் முன் "போன சவாரியில் மேட்டில் நின்றதா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வீட்டம்மாவுக்கு எரிச்சல்தான், "எங்க போனாலும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்கிறார்.

சரி, என்ன செய்யலாம்?

திட்டிவிட்டுப் போவது சுலபம். என் பங்குக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், மேலிடம் என்ன செய்யும் என்று பார்ப்போம். பழைய ஸ்னோமொபைலுக்குக் கடன் என்றால் மூன்று தாள் வேண்டும். ஒன்று, இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷன், எடுத்த இடத்தின் உயரத்தோடு. இரண்டு, கிளட்ச்சில் உள்ள வெயிட், ஸ்பிரிங், ஹீலிக்ஸ், கார்புரேட்டர் என்றால் ஜெட். மூன்று, பனியில் சுமையோடு முழு த்ராட்டில் ஆர்பிஎம், குறிப்பிட்ட தூரத்துக்கு ஆன நேரம். மூன்றாவது அக்டோபரில் முடியாதா? அப்படியானால் விலையில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, முதல் பனியில் ஓட்டிப் பார்த்த பிறகு விற்றவருக்குக் கொடுக்கலாம். நல்ல வண்டி விற்கிறவருக்கு இதில் என்ன நஷ்டம்? மறுக்கிறவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலை ஊர்களுக்கு மாற்றலாகிப் போகிற நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். சிம்லாவுக்கோ ஷில்லாங்குக்கோ சென்னை ஸ்கூட்டரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். மேடு ஏறவில்லை என்றால் அங்கேயும் யாராவது "உயரம் சார்" என்பார். ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். எவ்வளவு உயரம், அதற்கு எவ்வளவு குறைய வேண்டும், இந்த வண்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது? இந்த மூன்றையும் கேளுங்கள். பெல்ட்டும் உருளையும் தேய்ந்துபோயிருந்தால் அது சென்னையிலும் தேய்ந்துதான் இருந்திருக்கும்.

பையனின் கடனைத் தவணை மாற்றி நீட்டித்திருக்கிறோம். புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, சிலிண்டரைச் சரி செய்து, தேய்த்த வெயிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டவணைப்படி வேறு செட் மாட்டியிருக்கிறான். போன வாரம் கிளைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். 94, 93. கீழே தேதி, இடம், உயரம். விற்றவரிடமிருந்து ஒரு பைசா திரும்பி வரவில்லை. அந்தக் காகிதத்தை அவன் கடன் கோப்பில் நானே பஞ்ச் போட்டுச் சேர்த்தேன். இந்தக் கோப்பில் முதலில் இருந்திருக்க வேண்டிய தாள் அது.

டிஸ்கி: "வங்கி வேலையை விட்டுவிட்டு மெக்கானிக் கடை வைக்கப் போகிறாயா?" என்று தம்பி போனில் கேட்டான். அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு கம்ப்ரெஷன் கேஜ் மட்டும் வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு பிரஷர் பார்க்கிற கருவியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.